பரியம் கொடுத்த வீடும் பவுன் கேட்ட வீடும்

என் அமுச்சிக்குக் கல்யாணம் ஆனபோது பணம் கொடுத்தது மாப்பிள்ளை வீடு. 1930களின் கடைசியில் நடந்த கல்யாணம் அது. அமுச்சி பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில் பிறந்தவர். அப்புச்சி வீட்டார் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வந்து, வெற்றிலை பாக்கோடு ஐம்பத்தோரு வெள்ளி ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, அமுச்சியின் அய்யன் கையில் வைத்தார்கள். கூறைச்சேலையும் அவர்களே எடுத்தார்கள். அமுச்சியோடு போனது ஒரு சினை எருமை, நாலைந்து பித்தளைப் பாத்திரம், காதில் கிடந்த தோடு. அவர் பெற்ற மகளை, அதாவது என் அம்மாவை, 1961இல் போத்தனூர் ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் அப்பாவுக்குக் கொடுத்தபோது பதினோரு பவுன் போட்டார்கள். 1985இல் என் கல்யாணத்துக்குச் செட்டிபாளையம் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கர் பூமியை விற்றார்கள்.

மூன்று கல்யாணங்களுக்கும் நடுவில் ஐம்பது வருஷம்கூட இல்லை. அதற்குள் பணம் போகிற திசை தலைகீழாகத் திரும்பிவிட்டது. நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவள். கூலி ஏன் ஏறுகிறது, விலை ஏன் இறங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே பாடத்தை என் வீட்டுக் கல்யாணங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். "பொண்ணுக்குப் போடறது நம்ம பக்கத்துல ஆதியிலிருந்து இருக்கற வழக்கமுங்க" என்று இன்றும் பெரியவர்கள் சொல்லும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. ஆதியிலிருந்து இருந்தது வேறு. வரதட்சணை தண்டவாளமும் மில்லும் மின்மோட்டாரும் வந்த பிறகு, கணக்குப் பார்த்து உண்டாக்கப்பட்டது.

நான் சொல்வது பெரும்பாலும் கொங்கு வேளாளக் குடும்பங்களின் கதை. நான் பிறந்த சமூகம் என்பதால் உள்ளிருந்து தெரியும். ஆனால் பரியம், அதாவது மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குத் தரும் பணம், எங்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கொங்கு நாட்டில் உடலால் உழைத்த சாதிகள் பலவற்றிலும் அது இருந்தது. பெண்கள் நாள்தோறும் கூலிக்குப் போன குடும்பங்களில் எங்களைவிட நெடுங்காலம் நிலைத்தது.

காட்டு வேலைக்கு ஒரு விலை

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. கிணறு வெட்டி, கவலை கட்டி, எருது பூட்டித் தண்ணீர் இறைத்தால் அது தோட்டம். இறைக்க வழியில்லை என்றால் கம்பும் சோளமும் கொள்ளும் விளைகிற காடு. இந்தப் பண்ணையத்தை ஆண் மட்டும் வைத்து ஓட்ட முடியாது. அவன் கவலை ஓட்டினால் அவள் மடை மாற்ற வேண்டும். விதைப்பு, களை, அறுப்பு, கட்டுத்தரைச் சாணி, எருமை கறவை, தயிர் கடைந்து சந்தைக்குச் சுமப்பது எல்லாம் பெண் வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோயம்புத்தூர் ஜில்லாவில் பரவிய பிறகு பெண் கைக்கு இன்னும் தேவை கூடியது. வெடித்த பருத்தியை ஓடு குத்தாமல், தூசு படாமல், நாள் தவறாமல் எடுக்கப் பெண்களே வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கிளம்பிப் போனால் ஒரு ஆள் வேலை அந்த வீட்டுக்கு இல்லாமல் போகிறது. போய்ச் சேர்கிற வீட்டுக்கு ஒரு ஆள் கூடுகிறது. பரியம் அதற்கான ஈடு. டென்மார்க் நாட்டுப் பொருளாதார அறிஞர் எஸ்டர் போசரப், விவசாயத்தில் பெண்களின் பங்கு பற்றி 1970இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் சொன்னார். பெண்கள் நிலத்தில் பெருமளவு உழைக்கும் இடங்களில் மாப்பிள்ளை வீடு பணம் தருகிறது. பெண்கள் நிலத்தை விட்டு விலகும் இடங்களில் பெண் வீடு தருகிறது. ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் ஒப்பிட்டு அவர் எழுதியதை என் அமுச்சியின் சாளையிலேயே பார்க்கலாம்.

பரியம் இருந்த காலம் பெண்ணுக்குப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மதிப்பு அவள் கைக்கு இருந்தது, வாய்க்கு இல்லை. "உங்களுக்குப் பிடிச்சிருந்துதா அமுச்சி?" என்று ஒருமுறை கேட்டேன். "என்னைய யாரு அம்மிணி கேட்டாங்க? பரியம் கை மாறுனது எனக்கு அடுத்த நாள்தான் தெரியும்" என்றார்.

முறை என்னும் பாதுகாப்பு

அன்று மாப்பிள்ளை தேடுவது என்பதே அரிது. கூட்டம் பார்ப்பார்கள். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. அங்கே கட்டக் கூடாது. வேறு கூட்டத்தில், அதிலும் முதலில் அத்தை மகன், மாமன் மகள். முறைப்பெண்ணைக் கேட்பது மாமன் வீட்டின் உரிமை. மறுத்துவிட்டு வேறிடத்தில் கொடுப்பதென்றால் அந்த வீட்டின் சம்மதத்தை முறைப்படி கேட்டு வாங்க வேண்டும்.

இதிலும் கணக்கு உண்டு. கிணற்றுப் பாசனத்தில் நிலத்தைத் துண்டு போட்டால் கிணறும் துண்டாகும். ஒரு கிணற்றில் ஆளுக்கு இத்தனை நாள் முறைத் தண்ணீர் என்று சண்டையும் வரும். மாமன் மச்சான் வீடுகளுக்குள்ளேயே கொண்டு கொடுத்தால் போன சீர் அடுத்த தலைமுறையில் திரும்பி வரும். பஞ்சத்தில் விதைத் தானியம் கேட்கலாம். கவலை எருது செத்தால் ஒரு பூட்டு இரவல் கேட்கலாம். வங்கியும் காப்பீடும் இல்லாத ஊரில் சம்பந்தி வீடுதான் அந்த இரண்டும்.

எங்கள் கல்யாணச் சடங்கிலேயே அந்தக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. இணைச்சீர் என்று ஒன்று செய்வோம். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவனுடைய அக்காளோ தங்கையோ வந்து நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறு முனை அவளிடம். நாளை உனக்கொரு மகளும் எனக்கொரு மகனும் பிறந்தால் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் அறுந்துபோகாது என்று உடன்பிறந்தவர்கள் ஊரறிய உறுதி சொல்லும் சடங்கு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 1960களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், 1972இல் வெளியிட்ட கொங்கு பற்றிய நூலில், உறவுமுறைகளும் சடங்குகளும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று விரிவாக எழுதினார். அருமைக்காரர் சீர் செய்ய, நாவிதர் மங்கல வாழ்த்துப் பாட, இந்தச் சடங்கு இன்றும் மண்டபங்களில் நடக்கிறது. ஆனால் அக்காள் மகளைக் கட்டவேண்டிய கட்டாயம் இன்று எந்தத் தம்பி மகனுக்கும் இல்லை.

சம்பளக்காரர் வந்தார்

அந்தக் கட்டாயத்தை அவிழ்த்ததில் எங்கள் போத்தனூருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூருக்கு மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை 1862இல் போத்தனூர் வழியாகப் போயிற்று. கோயம்புத்தூர் டவுனுக்கு அப்போது ரயில் கிடையாது. போத்தனூரில் இறங்கி மாட்டுவண்டி பிடிக்க வேண்டும். 1873இல் மேட்டுப்பாளையம் கிளைப்பாதை வந்த பிறகே டவுன் ரயிலைப் பார்த்தது. 1915இல் இங்கிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள். ஜங்ஷனைச் சுற்றிக் குவார்ட்டர்ஸ், ஒர்க்‌ஷாப், சர்ச், இன்ஸ்டிடியூட் என்று ஒரு ரயில்வே காலனி எழுந்தது.

மழை பெய்தாலும் பொய்த்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் ஆண் என்ற ஒருவனைக் கொங்கு நாட்டுக் குடியானவன் இப்படித்தான் முதன்முதலில் நெருங்கிப் பார்த்தான். 1888இல் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் முயற்சியில் முதல் நூற்பாலை வந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மில்லில் வேலை, ரயில்வேயில் வேலை, தாலுகா ஆபீஸில் வேலை என்று ஒரு புதிய மாப்பிள்ளை வர்க்கம் உண்டானது.

என் அம்மாவுக்கு முறைமாமன் ஒருவர் இருந்தார். நல்ல பண்ணையக்காரர், பத்து ஏக்கர் காடு. அமுச்சி அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்புச்சிதான் சொன்னார். "கிணறு வத்துனா அவன் என்ன பண்ணுவான்? ரயில்வேக்காரனுக்குக் கிணறு வத்தாது" என்பது அவர் வாதம். குவார்ட்டர்ஸ், பிராவிடண்ட் ஃபண்ட், ரிட்டையர் ஆனால் பென்ஷன், குடும்பத்துக்கே ஃப்ரீ பாஸ். அத்தனைக்கும் சேர்த்து ஒரு விலை இருந்தது. அதுதான் பதினோரு பவுன். முறைமாமன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சம்மதம் வாங்கினார்கள். ஆனாலும் அமுச்சியின் அண்ணன் அந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்காரவில்லை. தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வந்துகொண்டிருந்த சீர், அந்த வருஷத்தோடு ஒருவழிப் பாதையில் போகத் தொடங்கியது.

நான் வளர்ந்த காலனியில் இதற்கு நேர்மாறான ஒரு கல்யாண முறையும் கண்முன் இருந்தது. போத்தனூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. டிரைவர், கார்டு, ஃபோர்மேன் என்று ரயிலையே நம்பி வாழ்ந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் டீச்சராக, நர்ஸாக, டைப்பிஸ்ட்டாகச் சம்பாதித்தார்கள். இன்ஸ்டிடியூட் நடனத்தில் பழகி, இருவரும் பேசி முடிவு செய்து, சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டீச்சரம்மா ஒரு ஃபிட்டரைக் கட்டியபோது இந்த வீடும் அந்த வீடும் பணம் பேசவில்லை. "அவங்கள்லாம் வேற மாதிரி" என்று அம்மா சொல்வார். வேறுபாடு மதத்திலோ ரத்தத்திலோ இல்லை. அந்தப் பெண்ணின் கையில் மாதச் சம்பளம் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்ணிடமிருந்து அதே காலத்தில்தான் வேலையைப் பறித்துக்கொண்டிருந்தோம்.

ஆம், பறித்தோம். கவலை போய் மின்மோட்டார் வந்தது. கையில் காசு புழங்கிய வீடுகள் களையெடுப்பையும் பருத்தியெடுப்பையும் கூலிப் பெண்களிடம் விட்டன. வீட்டுப் பெண் காட்டுக்குப் போகாமல் இருப்பது கௌரவம் ஆயிற்று. "எங்க வீட்டுப் பொம்பளைங்க வெயில்ல எறங்கறதில்லைங்க" என்று சொல்லிக்கொண்ட குடும்பங்கள், அந்தப் பெருமைக்கான விலையை மகளின் கல்யாணத்தில் பவுனாகக் கட்டின.

பவுன் ஏறிய கணக்கு

பவுன் கேட்பது ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? இதற்கு மக்கள்தொகையிலும் ஒரு விடை இருக்கிறது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண்ணைவிட ஐந்தாறு வயது மூத்தவனாக இருக்க வேண்டும். பிறப்பு ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடுகிற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் 100 ஆண் குழந்தைகள் பிறந்தால், ஆறு வருஷம் கழித்து ஏறத்தாழ 112 பெண் குழந்தைகள் பிறந்திருப்பார்கள். கல்யாண வயதில் 100 மாப்பிள்ளைகளுக்கு 112 பெண்கள். எல்லாப் பெண்ணையும் கட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஊர் நெருக்குகிற இடத்தில், அந்தப் பன்னிரண்டு பெண்களைப் பெற்றவர்களின் பயம் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் பரவும். சாவு குறைந்து, பிறப்பு குறையாமல் இருந்த காலம் அது. 1961 முதல் 1971 வரையிலான பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 22 விழுக்காடு கூடியது. சம்பளக்கார மாப்பிள்ளைகள் அந்த வேகத்தில் கூடவில்லை.

பரியத்திலிருந்து வரதட்சணைக்கு வந்த இந்த மாற்றம் கொங்கில் மட்டும் நடந்ததில்லை. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1984இல் வரதட்சணை பற்றி எழுதியபோது, தென்னிந்தியாவில் இன்று கேட்கப்படுவது பழைய சீதனத்தின் தொடர்ச்சி ஆகாது, படிப்பும் சம்பளமும் உள்ள மாப்பிள்ளைக்கு வைக்கப்பட்ட புதிய விலை என்று பிரித்துக் காட்டினார்.

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்ததும் என் பெற்றோருக்குக் கல்யாணம் ஆன அதே 1961தான். வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம் என்றது அது. 1980களில் அதைக் கடுமையாக்கினார்கள். குறைந்தது ஐந்தாண்டு சிறை என்றார்கள். கல்யாணத்தில் கொடுத்த பரிசுகளைப் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று 1985இல் விதியும் வந்தது. எங்கள் கல்யாணங்களில் பட்டியல் எழுதாமல் இல்லை. மொய் நோட்டில் பத்து ரூபாய் வைத்தவர் பெயரும் ஊரும் தவறாமல் ஏறும். திருப்பிச் செய்யவேண்டிய கடன் என்பதால் அந்த நோட்டைப் பீரோவில் பத்திரமாக வைப்போம். பெண்ணுக்குப் போட்ட நகையின் பட்டியலை மட்டும் யாரும் எழுதி அவள் கையில் கொடுப்பதில்லை.

தங்கத்தின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. 1970இல் 10 கிராம் 200 ரூபாயைத் தொடவில்லை. 1980இல் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. விலை ஏறினால் வாங்குவதைக் குறைப்பது எந்தச் சரக்குக்கும் இயல்பு. கல்யாணத் தங்கத்துக்கு மட்டும் அந்த விதி செல்லவில்லை. பதினொன்று இருபத்தைந்தாகி, ஐம்பதாகி, நூற்றொன்றாகியது. சம்பந்திகள் கிராமை எண்ணவில்லை. பக்கத்து வீட்டார் போட்ட பவுனை எண்ணினார்கள்.

பூமி விற்ற கல்யாணம்

1969இல் 14 வங்கிகளை அரசு எடுத்த பிறகு கிராமந்தோறும் கிளை வந்தது. ரயில்வே மாப்பிள்ளை இருந்த இடத்தில் பேங்க் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். எனக்கு வந்தவர் அப்படி ஒருவர். நான் எம்.ஏ. படித்திருந்தேன். படித்த பெண்ணுக்குப் பவுன் குறையும் என்று அப்பா நம்பினார். குறையவில்லை, படித்த பெண்ணுக்கு அவளைவிடப் படித்த மாப்பிள்ளை வேண்டும் என்பதால் ஏறியது. செட்டிபாளையம் பூமியை வாங்கியவர் முன்பணம் கொண்டுவந்த அன்று அப்பா அந்தக் காட்டு வரப்பில் போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

அந்த ஆண்டுகளில் கொங்கு முழுக்க இது நடந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகின. தறி வாங்க, மெஷின் வாங்க, தவணை கட்டக் கையில் பணம் வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த பையனுக்கு வங்கி கடன் தரத் தயங்கியபோது மாமனார் வீட்டுப் பணம் முதலாக நின்ற குடும்பங்களை நான் அறிவேன். கொங்குத் தொழில்முனைவு என்று நாம் பெருமை பேசுகிறோம். பெருமைப்பட வேண்டிய உழைப்பு அது. அந்த முதலில் ஒரு பகுதி யாரோ ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து இறங்கியது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கம்பெனியின் பெயர்ப்பலகையில் அவள் பெயர் இருந்தால்கூட பங்குக் கணக்கில் அவள் இருப்பது அபூர்வம்.

யார் கட்டிய விலை

மகள் என்றால் செலவு என்று ஆன பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. சேலம் பக்கம் பெண் சிசுக்களைக் கொல்வது பெருகி, 1992இல் அரசு அங்கே தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். கள்ளிப்பால் ஊற்றிய கிழவிகளை மட்டும் குற்றம் சொன்னோம். ஸ்கேன் பார்த்துச் சொன்னவர்களும், இருபது வருஷம் கழித்துக் கேட்கப்போகிற பவுனை அன்றே கணக்குப் போட்ட ஆண்களும் அதே வரிசையில் நிற்க வேண்டியவர்கள்.

ஏழை வீட்டுப் பெண்ணுக்கு வேறொரு வழி வைத்தார்கள். 1990களின் கடைசியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பல, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பதினான்கு பதினைந்து வயதுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுத்தன. ஹாஸ்டல், ஷிஃப்ட், கையில் சிறு தொகை. மூன்று வருஷம் முடிந்தால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு பணம், கல்யாணத்துக்கு. நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால் அந்த மொத்தப் பணம் கைக்கு வராமலே போகும். வறண்ட மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்த அந்தப் பிள்ளைகள் பஞ்சுத் தூசுக்குள் நின்று, தங்கள் வரதட்சணையைத் தாங்களே சம்பாதித்தார்கள். பெற்றோருக்கு வசதியில்லாத இடத்தில் வரதட்சணையைப் பெண்ணின் நுரையீரல் கட்டியது.

பத்திர ஆபீஸில்

வரதட்சணைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு: நிலம் மகனுக்கு, நகை மகளுக்கு, இரண்டு பேருக்கும் பங்கு கொடுத்தாயிற்று. இதை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அந்த இயக்கத்தை நடத்திய பெரியார் எங்கள் ஈரோட்டுக்காரர். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் தனிப் பங்கில் மகளுக்கும் இடம் தந்தது. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் பிறப்புரிமை தரவில்லை. அதைத் தமிழ்நாடு 1989இல் திருத்தியது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை அது வெளியே நிறுத்தியது. நானும் அந்த வாசலுக்கு வெளியே நின்றவள். 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகளுக்கும் அந்த வாசலைத் திறந்தது. அந்தச் சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் பத்திர ஆபீஸில் நடப்பது வேறு. முகூர்த்த நாளாகப் பார்த்து அண்ணன் தம்பிகள் அக்காள் தங்கையரைக் காரில் கூட்டி வருவார்கள். ஹோட்டலில் டிபன், புதுச்சேலை. பிறகு பத்திர எழுத்தர் காட்டுகிற இடத்தில் கையெழுத்து, கைரேகை. அது விடுதலைப் பத்திரம்: இந்தச் சொத்தில் எனக்குள்ள பாத்தியதையை என் சகோதரனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கும். படித்துப் பார்க்கிற பெண்கள் குறைவு. படித்தால் அண்ணனை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

அப்பா காலமான பிறகு எனக்கும் அப்படி ஒரு பத்திரம் வந்தது. "உனக்குத்தான் பூமி வித்தாச்சேக்கா" என்றான் தம்பி. வித்தது உண்மை. அந்தப் பணம் மண்டபத்துக்கும் சமையலுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் போயிற்று; நகை என் நாத்தனார் கல்யாணத்துக்கு அடகுக்குப் போயிற்று. என் பெயரில் ஒரு சென்ட் நிலமோ ஒரு பாஸ்புக்கோ இல்லை. மகளுக்குப் போனதாகச் சொல்லப்படும் பங்கு மகளைத் தொடாமலே ஒரு ஆணிடமிருந்து இன்னொரு ஆணுக்குப் போகிறது என்று அவனுக்குச் சொன்னேன். கையெழுத்துப் போட மறுத்தேன். ஒரு வருஷம் அவன் என்னோடு பேசவில்லை. பிறகு மீதியிருந்த பூமியில் என் பங்கை அளந்து எழுதிக் கொடுத்தான். இன்று பொங்கலுக்கு என் வீட்டுக்குத்தான் வருகிறான். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்று பயப்படும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெண் தேடும் காலம்

இப்போது காற்று மறுபடி திசை மாறுகிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் இரண்டுக்கும் கீழே வந்துவிட்டன. முன்பு சொன்ன கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: மூத்த ஆண்கள் கூட்டம் பெரிது, இளைய பெண்கள் கூட்டம் சிறிது. கருவிலேயே அழித்த பெண்கள் வேறு வராமல் போனார்கள். பெருமாள்முருகன் 2007இல் எழுதிய 'கங்கணம்' நாவலில், நிலமும் தோட்டமும் இருந்தும் முப்பது வயது கடந்து பெண் கிடைக்காமல் அலையும் மாரிமுத்துவை எங்கள் ஊர்களில் தெருவுக்குத் தெரு காட்டலாம். விவசாயம் பார்க்கிற பையன் என்றால் ஜாதகமே வாங்குவதில்லை. படித்து கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பெண்கள், மாமியாரோடு சாளையில் இருக்க முடியாது என்று தெளிவாகச் சொல்கிறார்கள்.

அதனால் தரகர்கள் வாளையாறு தாண்டிப் போகிறார்கள். பாலக்காட்டிலும் அதற்கு அப்பாலும் வசதி குறைந்த வீடுகளில் பெண் பார்த்து, இரு வீட்டுச் செலவையும் மாப்பிள்ளை வீடே ஏற்றுக் கல்யாணம் முடிக்கிறார்கள். தரகருக்குத் தனியாகக் கமிஷன். மொழி வேறு, சாதி வேறு. கூட்டம் பார்த்த பெரியவர்களே பந்தியில் முன்னால் உட்கார்கிறார்கள். ரயில் போத்தனூரைத் தாண்டும்போது புதுத்தாலியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இதில் எனக்கு ஒரு கேள்வி தீரவில்லை. ஆணுக்குப் பெண் கிடைக்காதபோது வளைகிற சாதி, ஒரு பெண் தானே ஒருவனைத் தேர்ந்தெடுக்கும்போது ஏன் வளைய மறுக்கிறது? 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு அருகே, சாதி மாறிக் காதலித்து மணந்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவி கௌசல்யா உயிர் தப்பி, இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார். தேர்வு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சொத்தும் அதிகாரமும் இருக்கும் என்பதை வெட்டியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

அரசின் கணக்கிலும் ஒரு மாற்றம் வந்தது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், முதலில் 5,000 ரூபாயும் பின்னாளில் கூடுதல் பணமும் தாலிக்குத் தங்கமும் தந்தது. எட்டாம் வகுப்பு படித்தால்தான் உதவி என்று வைத்ததால் பல பெண்கள் பள்ளியில் தங்கினார்கள். அந்த நன்மையை மறுக்க மாட்டேன். 2022இல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக்கி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். கல்யாண மேடையில் தருவதைக் கல்லூரி வாசலில் தருவது சரியான மாற்றம் என்றே ஒரு பொருளாதார ஆசிரியையாகச் சொல்வேன்.

பெண் தட்டுப்பாடு வந்துவிட்டது, வரதட்சணை தானாக ஒழிந்துவிடும் என்று சிலர் நிம்மதி கொள்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை. சந்தை ஒருகாலத்தில் பெண் வீட்டுக்குப் பணம் தந்தது, பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குத் தந்தது, இப்போது தரகருக்குத் தருகிறது. மூன்று காலத்திலும் பெண்ணின் கைக்கு அது வரவில்லை. அவள் பெயரில் சொத்தும், அவள் கையில் சம்பளமும், யாரைக் கட்டுவது என்பதில் அவள் வாய்ச்சொல்லும் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு நேராகும்.

ஆகவே மகளைப் பெற்றவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பவுனுக்குச் சேர்க்கிற பணத்தில் அவள் பெயரில் ஒரு மனை வாங்குங்கள், பட்டா அவள் பெயரில் இருக்கட்டும். மகனைப் பெற்றவர்கள் பட்டியல் கேட்காதீர்கள். பெண் வீட்டார் தாங்களாகத் தருவதாகச் சொன்னாலும் அதை மருமகள் பெயரில் எழுதச் சொல்லுங்கள். தங்கைமாரே, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் கடைசி வரி வரை படியுங்கள். பங்கு எழுதாத பத்திரம் என்றால் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.